கூட்டிக்கொள்ள வேண்டிய மூன்று டிகிரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாருக்கும் பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. அதை வேண்டுமென்றேதான் செய்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிட்டால் பிறகு வசதியாக இருக்கும்.

எனக்குத் தொழில் பல் செட் கட்டுவது. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் மெழுகில் பல்லை நிறுத்தி, வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். ஒரு பல் தலைமுடி கனத்துக்கு உயர்ந்துவிட்டாலும் போட்டுக்கொண்டவர் மறுநாளே வந்து என் உயிரை வாங்குவார். அப்படி இருபது வருடம் வசவு வாங்கி வாங்கிப் பழகிய கை என் கை.

என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். வாய் அவனுக்கு மூலதனம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரிப் படகு விடுவான். பூங்காவின் பின்பக்கம் சிமெண்டுக் கரை கட்டிய சதுரக் குளம் ஒன்று உண்டு, அதன் ஓரத்தில் கிளப்பின் ஷெட். கை நீளப் படகுகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கரையில் நின்று ரிமோட்டால் ஓட்டுவார்கள். வளர்ந்த ஆண்கள்தான், பேங்க்கில் வேலை பார்ப்பவர்கள் கூட உண்டு.

வருடத்துக்கு ஒருமுறை அங்கே 'சொந்தக் கை' பந்தயம் நடக்கும். இருபது சுற்று. மோட்டாரையும் பேட்டரியையும் அன்று காலை கிளப்பே சீல் வைத்துக் கொடுக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரி. மற்றதெல்லாம் போட்டியாளர் தன் கையால் செய்திருக்க வேண்டும். படகின் உடம்பை யார் செய்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வரும். ஜெயிப்பதும் தோற்பதும் பின்னால் சுழலும் கட்டைவிரல் அளவு பித்தளை ப்ரொபெல்லரில்தான் இருக்கிறது. ஜெயித்த ப்ரொபெல்லர் வீட்டுக்குத் திரும்பாது. அதைக் கழற்றி ஷெட்டுச் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டி, கீழே பெயரையும் பிட்ச்சையும் எழுதிவைப்பார்கள்.

பிட்ச் என்றால் இறக்கையின் சாய்வு. சாய்வு குறைந்தால் ப்ரொபெல்லர் சும்மா தண்ணீரைக் கடையும், படகு நகராது. கூடினால் ஒரு சுழற்சிக்கு அதிக தூரம் தள்ளும், ஆனால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும், சூடாகும், கடைசியில் வெந்துபோகும். அந்த மோட்டாருக்கு இருபத்து நான்கு டிகிரி. இருபத்து மூன்று என்றால் நான்காவது இடம். இருபத்து ஐந்து என்றால் பதினெட்டாவது சுற்றில் படகு நொண்டும். எண் எல்லோருக்கும் தெரியும், சுவரிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு இறக்கையையும் அந்த எண்ணில் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் இருக்கிறது வேலை. பித்தளையைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, இளகியதும் செப்புத் தகடு வைத்த குறடால் பிடித்துத் திருக வேண்டும். திருகிய இறக்கை சும்மா இருக்காது, கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும். எவ்வளவு பின்வாங்கும் என்று தெரிந்து அதையும் சேர்த்துத் திருக வேண்டும். பிறகு கேஜில் வைத்து அளந்து, அரம் போட்டு, ஊசிமுனையில் நிறுத்தி எடை சரிபார்த்து, மறுபடி அளக்க வேண்டும்.

ஏழு வருடம் முன்பு அண்ணன் என் பட்டறைக்கு வந்து, "குட்டி, ஒரே ஒரு தடவை வளைச்சுக் குடு. உன் கை மாதிரி வராது" என்றான். நான் உருகிவிட்டேன். பல் செட் போட்டுக்கொண்டவர்கள் யாரும் என் கையைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. பழைய பல் அளவுக் கருவி ஒன்றைப் பிரித்து, அவன் வாங்கித் தந்த டிகிரித் தகட்டை அதில் பற்றவைத்து, அந்த வேலைக்கென்றே ஒரு கேஜ் செய்தேன். அந்த வருடம் ஜெயித்தான். அடுத்த வருடமும் வந்தான். ஆறு வருடம், ஆறு ப்ரொபெல்லர், சுவரில் ஆறு கண்ணாடி. ஆறிலும் அவன் பெயர். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. கரையில் அண்ணியோடு உட்கார்ந்து, என் ப்ரொபெல்லர் மற்றவர்களுக்குத் தண்ணி காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்றிருந்தேன். அவ்வளவு பைத்தியம் நான்.

ஏழாவது வருடம் எனக்கே ஆசை வந்துவிட்டது. ஒரு படகு செய்தேன். அண்ணனிடம் சொன்னபோது, "ஓட்டு, ஓட்டு. யார் வேண்டாம்னா" என்று சிரித்தான். அந்த வருடம் அவனுக்கும் வளைத்துக் கொடுத்தேன், எனக்கும் வளைத்துக்கொண்டேன். பந்தயத்துக்கு முந்தைய ஞாயிறு, பழகும் ஓட்டத்தில் என் படகு அவன் படகை மூன்று முறை தாண்டியது. மூன்றாவது முறை அவன் சிரிக்கவில்லை.

பந்தயத்தன்று காலை, என் ப்ரொபெல்லர் என் கையால் செய்தது இல்லை என்று நடுவரிடம் ஒரு புகார் இருந்தது. நடுவர் லிஃப்ட் ரிப்பேர் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். நேர்மையான மனிதர், ஆனால் கண்ணுக்கு முன்னால் வைத்ததை மட்டும் பார்ப்பவர். என் ப்ரொபெல்லரையும் அண்ணனுடையதையும் கழற்றி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். அரம் போட்ட கோடு, ஓரம் மழித்த விதம், எல்லாம் ஒன்று.

"ரெண்டும் ஒரே கை வேலை" என்றார். "யாரோட கை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான், "என்னோடதுதான் சார். வீட்டுல ரெண்டு மூணு செஞ்சு வச்சிருந்தேன். ஒண்ணைக் காணோம்னு தேடிட்டு இருந்தேன். தங்கச்சிதானே, பெரிசு பண்ணாதீங்க. விட்டுருங்க."

"நான்தான் செஞ்சேன். ஏழு வருஷமா எல்லாத்தையும் நான்தான் செய்யறேன்" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆறு வருட சாம்பியன் ஒரு பக்கம், முதல்முறை போட்டிக்கு வந்து கூச்சல் போடுகிற பொம்பளை ஒரு பக்கம். யாரை நம்புவார்கள்? அண்ணன் என் தோளில் கை வைத்து, "அழாத குட்டி. வீட்டுல பேசிக்கலாம்" என்றான். நான் அழவே இல்லை. அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அதற்காகவும் அவனை நான் மன்னிக்கவில்லை.

எனக்கு இரண்டு வருடத் தடை. ஷெட்டு வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் என் பெயரை எழுதி, அதற்கு நேராக 'அடுத்தவர் கைவேலை' என்று பெயின்ட்டில் எழுதினார்கள். சுவரில் அண்ணன் பெயரில் ஏழாவது கண்ணாடி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு வருகிறவர், போகிறவர், நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் எல்லோரும் அந்தப் பலகையைப் படித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வாயில் நான் கட்டிய பல் இருந்தது. அந்த இரண்டு சொல்லை அழிக்கவைக்க வேண்டும், அதுவும் அவன் வாயாலேயே அழிக்கவைக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

நான்கு மாதம் கழித்து அண்ணி பட்டறைக்கு வந்தாள். கையில் துணிப்பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவர் அந்தக் கேஜை வாங்கிட்டு வரச் சொன்னார். அது அவரோடதாமே. உன்கிட்ட இரவல் குடுத்திருந்தாராம்."

அண்ணி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளிடமும் அவன் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறான். இனி என்னிடம் கேட்க அவனுக்கு முகம் இல்லை, அதனால் தானே வளைக்கப் போகிறான் என்பது புரிந்தது. எடுத்து அவள் முகத்தில் எறியலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் எனக்கு அந்த மூன்று டிகிரி நினைவுக்கு வந்தது.

கேஜ் செய்த முதல் மாதமே அது மேஜையிலிருந்து விழுந்துவிட்டது. முள்ளைத் தாங்கும் தண்டு வளைந்து, இருக்க வேண்டியதைவிட மூன்று டிகிரி குறைவாகக் காட்ட ஆரம்பித்தது. சரிசெய்ய வேண்டுமானால் பற்றவைத்ததைப் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். யாருக்கு நேரம்? மனதுக்குள்ளேயே மூன்று கூட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் கூட்டி வைத்த வீட்டுக் கடிகாரத்தில் மணி பார்க்கிற மாதிரிதான், பழகிவிட்டால் கூட்டுகிறோம் என்பதே தெரியாது. இருபத்து நான்கு வேண்டுமானால் முள் இருபத்து ஒன்றில் நிற்கும்வரை வளைப்பேன். எல்லா ப்ரொபெல்லரையும் அப்படித்தான் வளைத்தேன்.

கேஜைப் பஞ்சில் சுற்றி, புது பல் செட் பெட்டி ஒன்றில் வைத்து, ரப்பர் வளையம் போட்டு அண்ணியிடம் கொடுத்தேன். அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இதை எப்படி வச்சுப் பாக்கணும், ஏதாவது சொல்லணுமா அவர்கிட்ட?"

சொல்ல வேண்டியது நுனி நாக்கில் இருந்தது. மூன்று கூட்டிக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்.

"அவர் கேஜ்தானே அண்ணி. அவருக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். எட்டு மாதத்தில் எந்த நாள் போன் செய்தாலும் சொல்லியிருக்கலாம். ஒருமுறை அண்ணியே போன் செய்தாள். "காலையில எந்திரிச்சதும் அடுப்படியில போய் உக்காந்துக்கறார். கேஸ் அடுப்புல பித்தளையைக் காய்ச்சறார். விரல் எல்லாம் கொப்புளம். டீ ஆறிப்போகுது, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறார்" என்றாள். கூடவே, "கடையில வாங்கினது எல்லாம் அளவு தப்பாம். கடைக்காரன் ஏமாத்தறான்னு திட்டறார்" என்றாள். கடையில் வாங்கிய பித்தளை சரியாகத்தான் இருந்திருக்கும். கேஜ் மூன்று குறைத்துக் காட்டியிருக்கும். ஒரே ஒரு ப்ரொபெல்லரை அதற்கு முன் தன் கையால் வளைத்திருந்தால் அங்கேயே பொறி தட்டியிருக்கும். அவனுக்குத் தட்டவில்லை. "பாவம் அண்ணி, பர்னால் தடவச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடியது. மெழுகு கூட என் சொல் கேட்டது.

பந்தய நாள். தடை ஓட்டுவதற்குத்தான், பார்ப்பதற்கு இல்லை. என் பெயர் எழுதியிருந்த பலகையைத் தாண்டிப் போய்க் கரையில் உட்கார்ந்தேன். அண்ணி ஃப்ளாஸ்க்கோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். பழகிக்கொள்ள இரண்டு சுற்று விட்டார்கள். அண்ணன் படகு அம்பாகப் பறந்தது. பறக்கத்தான் செய்யும். மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் முதல் நிமிடம் யாராலும் பிடிக்க முடியாது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நீ இல்லாமலேயே பார்த்தாயா, என்று கேட்கிற பார்வை. நானும் கைதட்டினேன்.

பந்தயம் தொடங்கியது. ஐந்தாவது சுற்றில் அவன் பாதிக் குளம் முன்னால் இருந்தான். எட்டில் இன்னும் முன்னால். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவேளை தாக்குப்பிடித்துவிட்டால்? பதினொன்றில் மோட்டார் சத்தம் மாறியது. வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. பன்னிரண்டில் குளத்தின் நடுவில் படகு திணறி நின்றது. பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது, பிறகு கறுப்பு. மற்ற படகுகள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டிப் போயின. அண்ணன் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

துடுப்புப் படகில் போய் இழுத்துவந்தார்கள். லிஃப்ட்காரர் மோட்டாரைத் திறந்தார். உள்ளே கம்பி எல்லாம் கரி.

"பிட்ச் எவ்வளவு வச்சீங்க?"

"இருபத்து நாலு சார். எப்பவும் வைக்கிறதுதான். நீங்க குடுத்த மோட்டார்தான் கோளாறு."

கிளப்பின் சொந்தக் கேஜ் ஒன்று லிஃப்ட்காரரிடம் இருந்தது. அதில் வைத்தார். இருபத்து ஏழு. இன்னொரு இறக்கை. இருபத்து ஏழு. அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. பெட்டியைத் திறந்து என் கேஜை எடுத்து, அதில் வைத்துக் காட்டினான். இருபத்து நான்கு. லிஃப்ட்காரர் சரியான சாய்வில் வெட்டிய அளவுக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கேஜிலும் வைத்துப் பார்த்தார். அண்ணனுடையது மூன்று டிகிரி பொய்.

அப்போது அவன் என்னைப் பார்த்தான். விரலை நீட்டினான். விரல் நுனியில் பழைய கொப்புளத் தழும்பு.

"இவ கெடுத்து அனுப்பியிருக்கா சார். வேணும்னே கெடுத்திருக்கா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். போன வருடமும் இப்படித்தான் திரும்பினார்கள். இந்த முறை நான் கத்தவில்லை. எழுந்து போய்க் கேஜின் அடிப்பக்கத்தைத் திருப்பி, விழுந்த இடத்தில் நசுங்கியிருந்ததைக் காட்டினேன். நசுங்கிய பள்ளத்தில் வருடக்கணக்கான மெருகுத் தூள் இறுகிக் கறுத்துப்போயிருந்தது.

"நான் ஒண்ணும் கெடுக்கல சார். இது செஞ்ச மாசமே கீழ விழுந்தது. அப்போ இருந்தே மூணு குறைச்சுத்தான் காட்டுது. சுவத்துல இருக்கற ஏழும் இதுல அளந்து வளைச்சதுதான். வளைச்சவங்க மூணு கூட்டிக்கிட்டுத்தான் வளைச்சாங்க. அண்ணனுக்குத் தெரியுமே."

அண்ணனுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்? இந்த வருஷத்துக்கு முன்னாடி நான் இதைத் தொட்டதே இல்லையே" என்று கத்தினான்.

குளத்தில் மற்ற படகுகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவன் சொன்னது அவன் காதிலேயே விழுவதற்கு இரண்டு மூன்று நொடி பிடித்தது. வாய் திறந்தபடியே இருந்தது. லிஃப்ட்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போன வருஷம் ரெண்டும் ஒரே கைன்னு சொன்னேன்" என்றார் மெதுவாக. "யாரோட கைன்னு கேட்டேன்."

அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அண்ணி ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்து, அவனைத் தாண்டி, என்னையும் தாண்டி, கேட்டுப் பக்கம் நடந்துபோனாள். அவள் என்னையும் தாண்டிப் போனது எனக்கு உறைத்தது. இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தின்னர் தேடினார்கள், கிடைக்கவில்லை. லிஃப்ட்காரர் ஒரு உப்புத்தாளை எடுத்துத் தானே பலகையைத் தேய்த்தார். பெயின்ட் லேசில் போகவில்லை. நான் பக்கத்தில் நின்று கடைசி எழுத்து போகும்வரை பார்த்தேன். "மன்னிச்சுக்கோம்மா" என்றார். "நல்லாத் தேய்ங்க சார்" என்றேன். அண்ணனுக்கு ஐந்து வருடத் தடை. ஏழு கண்ணாடிக்குக் கீழேயும் பெயர் மாறும் என்றார்கள். விசாரணைக் குறிப்பு எழுத வேண்டும், இரண்டு இறக்கையையும் மூன்று இடத்தில் அளந்து எழுதித் தாருங்கள் என்று அவன் ப்ரொபெல்லரை லிஃப்ட்காரர் என் கையிலேயே கொடுத்தார். என் கேஜையும் எடுத்துக்கொண்டேன்.

பட்டறைக்கு வந்து விளக்குக்குக் கீழே உட்கார்ந்து அளந்தேன். கேஜில் வைத்தேன், மூன்று கூட்டினேன். நடுவுக்குப் பக்கத்தில், இடையில், நுனியில். அடுத்த இறக்கை. மறுபடி முதலிலிருந்து.

இரண்டு இறக்கைக்கும் கால் டிகிரி வித்தியாசம் கூட இல்லை.

நான் முதல் வருடம் வளைத்ததில் அரை டிகிரி வித்தியாசம் இருந்தது. ஓரத்தை அவன் கண்ணாடி மாதிரி மழித்திருந்தான். ஊசிமுனையில் நிறுத்தினால் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. அரம் போட்ட கோடு என்னுடையது மாதிரி இல்லை, எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது, அவனுக்கென்று ஒரு கை வந்துவிட்டிருந்தது. ஏழு வருடம் திருடின பயல், எட்டாவது வருடம் விரலைப் பொசுக்கிக்கொண்டு, டீயை ஆறவிட்டு, நிஜமாகவே தன் கையால் ஒன்றைச் செய்திருக்கிறான். அதைத்தான் நான் வேகவைத்தேன். அந்த எட்டு மாதத்தில் என்றைக்காவது, மூணு கூட்டிக்கோ அண்ணா, என்று சொல்லியிருந்தால் அவன் ஜெயித்திருப்பான், அதுவும் நியாயமாக. எனக்கு மனசு கனத்தது. பொய் சொல்ல மாட்டேன், கனத்தது. ஆனால் பலகையில் என் பெயரைப் படித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்ட அந்த இரண்டு பேரின் பல் வரிசையும் கூடவே நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் மதியம் அண்ணன் போன் செய்தான். வாய்தான் அவன் மூலதனம் என்று சொன்னேனே, அது அன்றைக்கு அவனிடம் இல்லை.

"குட்டி. அந்த ப்ரொபெல்லர் உன்கிட்டயா இருக்கு?"

"இருக்கு."

"எனக்குத் திருப்பிக் குடு. வேற எதுவும் கேக்கல. அதை மட்டும் குடு."

"எதுக்கு? அஞ்சு வருஷம் உன்னால ஓட்ட முடியாதே."

"ஓட்ட இல்ல. அது நான் செஞ்சது."

இந்தச் சொல்லை அவன் எத்தனை தடவை, எத்தனை பேர் முன்னால் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இந்த ஒருமுறைதான் அது உண்மை.

"தெரியும்ணா. அளந்து பாத்தேன். ரொம்ப நல்லா செஞ்சிருக்க. நான்கூட முதல்ல இப்படிச் செஞ்சதில்ல."

அவன் அழுவது கேட்டது. சத்தம் வராமல்தான் அழுதான், ஆனால் எனக்குத் தெரியும்.

"அப்போ குடுத்துருவியா?"

"குடுக்கறேன்" என்றேன். "ஏழு வருஷம் ஆகட்டும்."

போனை வைத்துவிட்டு ப்ரொபெல்லரைப் பஞ்சில் சுற்றி, பல் செட் பெட்டி ஒன்றில் வைத்து, ரப்பர் வளையம் போட்டேன். பெட்டி மேல் அவன் பெயரைத்தான் எழுதினேன்.